இரண்டு நகப் பிறை

என் வலது கட்டைவிரல் நகத்தைப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, வீணை வாசிக்கிறியா?" என்று கேட்டவர்கள் உண்டு. வீணையாவது மண்ணாங்கட்டியாவது. அது சோற்றுக்காக வளர்த்த நகம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் பதினோரு வருஷம் தரம் பிரிக்கும் மேஸ்திரியாக இருந்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து ஏறிக் காய்ந்து வரும் தோலை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, தடவி, புரட்டி, மறுபக்கமும் தடவி, இது முதல் தரம், இது இரண்டாவது, இது தள்ளு என்று சொல்ல வேண்டும். உண்ணி கடித்த தடம், சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்திக் காயம், வயிற்றுப் பக்கத்துத் தொளதொளப்பு எல்லாம் விரலுக்குத்தான் முதலில் தெரியும். கண்ணுக்கு அப்புறம்தான்.

எதிரில் அவன், என்னைப் போலவே தரம் பிரிக்கும் இன்னொரு மேஸ்திரி. ஒரே நீளப் பலகை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் வடக்கு ஜன்னல் வெளிச்சம். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது, அவனைத்தான் அப்படி நினைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

எங்களுக்குள் ஒரு குறி இருந்தது. சந்தேகமான தோலின் சதைப்பக்கத்தில் நகத்தால் ஒரு பிறை அழுத்தினால், 'நீயும் ஒரு தடவை பாரு' என்று அர்த்தம். இரண்டு பிறை அழுத்தினால், 'தள்ளு, பேச்சே இல்லை'. முதலாளிக்கும் அது தெரியாது, மற்ற ஆட்களுக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்தோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், என் குடி கெட்டது அதனால்தான். தரம் பிரித்த தோலைக் கட்டாகக் கட்டி வைப்போம். ஒரு மேஸ்திரி போட்ட கட்டை இன்னொரு மேஸ்திரி அவிழ்த்துப் பார்க்க மாட்டான். அவன் பிரித்ததில் இவன் விரல் வைத்தால், 'நீ திருடன்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அப்படி ஒருவன் விரல் வைத்ததற்காக இரண்டு மேஸ்திரிகள் வருஷக்கணக்காகப் பேசாமல், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தோலைச் சந்தேகப்படுவதுதான் எங்கள் பிழைப்பு. ஆனால் தோல் பிரிக்கிற ஆளைச் சந்தேகப்படக் கூடாது.

அந்த வேலை என்னைக் கொன்றுகொண்டிருந்தது. மெட்ராஸுக்குப் போன சரக்கில் நாலு தோல் தப்பாக இருந்தால் கடிதம் வரும். முதலாளி அதைத் தானே படிக்க மாட்டார். குமாஸ்தாவை முற்றத்தில் நிறுத்தி, தொட்டிக்குள் நிற்கிற ஆட்கள் காதில்கூட விழும்படி படிக்கச் சொல்வார். படித்து முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல கை மரத்துப் போச்சா? எதுன்னு சொல்லு மேஸ்திரி, அதுக்கு வைத்தியம் பாப்போம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் பேஜார். கடைசி இரண்டு வருஷம் தபால்காரர் தலை தெரிந்தாலே நான் தோல் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

வீட்டுக்கு வந்தாலும் விரல் ஓயாது. சாப்பிடுகிற இலையைப் புரட்டிப் பார்ப்பேன். துவைத்து மடித்த வேட்டியை உதறித் தடவிப் பார்ப்பேன். காசு வாங்கினால் இரண்டு பக்கமும் நகம் வைப்பேன். ஒரு நாள் காலையில் தட்டில் விழுந்த இட்லியைத் திருப்பிப் போட்டேன்.

"ஏங்க, இட்லிக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாவுதாங்க" என்றாள் என் மனைவி. முதலில் கிண்டலாகத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் வசதியுள்ள வீட்டு முற்றங்களிலும் தோட்டங்களிலும் கைப்பம்பு வர ஆரம்பித்திருந்தது. பம்பின் உயிர் உள்ளே இருக்கிற தோல் வாஷரில் இருக்கிறது. கிண்ணம் மாதிரிக் கவிந்து, குழாயை ஒட்டி ஏறி இறங்கினால்தான் தண்ணீர் மேலே வரும். அந்த வாஷர் சீமையிலிருந்து வந்தாக வேண்டும். கிழிந்தால் வேலூருக்கு ஆள் அனுப்ப வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் மெட்ராஸுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊர் முழுக்கத் தோல் நாற்றம் அடிக்கிறது, உள்ளங்கை அகலத் தோலுக்கு நாம் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

முதலாளி வீட்டுப் பம்பு ஒரு கோடையில் நின்றுபோனது. நான் எருமைத் தோலில் முதுகுப் பகுதியாகப் பார்த்து ஒரு வட்டம் வெட்டினேன். தச்சரிடம் சொல்லி மர அச்சு கடைந்து வாங்கினேன். தோலை ஊறவைத்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, உருக்கிய கொழுப்பில் முக்கிப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அடுத்த கோடை வரைக்கும் அதே வாஷர்தான் இழுத்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் அந்த அச்சுதான். ஒரு குறடு, இரண்டு ஸ்பானர், ஒரு வைஸ், நாலு மர அச்சு இருந்தால் போதும், யார் கடிதத்துக்கும் நடுங்க வேண்டியதில்லை.

அவனையும் கூப்பிட்டேன். "வா, ரெண்டு பேரும் சேர்ந்து கட வைக்கலாம்" என்றேன்.

"எனக்கு அவ்ளோ தெகிரியம் இல்ல தோஸ்த்" என்றான். "நீ போ. தோலுக்கு நான் இருக்கேன். முதலாளிகிட்ட சொல்லி, வெட்டுத் துண்டுல முதுகுத் தோலாப் பாத்து வட்டம் போட்டு, என் கையாலயே பிரிச்சு அனுப்பறேன். ஊறப் போட்டே அனுப்பிடறேன், உனக்கு ஒரு நாள் வேல மிச்சம்."

யார் இப்படிச் சொல்வார்கள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வேலையை விடுகிறேன் என்று சொன்னதும் முதலாளி சிரித்தார். "வாஷர் வித்தா பொழைக்கப் போற? மூணு மாசத்துல இதே வாசப்படியில வந்து நிப்ப பாரு" என்றார். நானும் அதை நினைக்காமல் இல்லை. கடை படுத்துவிட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. இதே வாசலில் வந்து, இதே ஆட்கள் சிரிக்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "சோத்துக்கு ஊறுகா போதும், நீங்க தூங்கினா சரி" என்று மனைவி சொன்ன தைரியத்தில்தான் வெளியே வந்தேன். வந்த அன்றைக்குப் புழக்கடையில் உட்கார்ந்து அந்த நகத்தை ஒட்ட வெட்டினேன். இனி அது எதற்கு?

கடைத்தெருவின் கோடியில் ஒரு சின்ன அறை. வாரம் ஒரு முறை ஈரச் சாக்கில் சுற்றி, அவன் போடுகிற இடக்கை முடிச்சோடு வட்டங்கள் வரும். ஊறிய தோல் எல்லாம் விரலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். காய்ந்த தோல்தான் தன் குணத்தைச் சொல்லும். அச்சில் காய்ந்த பிறகாவது நான் ஒவ்வொன்றையும் எடுத்துத் தடவிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவன் பிரித்த சரக்கில் நான் விரல் வைப்பதா? அச்சிலிருந்து எடுத்து நேரே கொழுப்பில் முக்கினேன்.

ஆறேழு மாதம் ராஜாவாக இருந்தேன். ஆற்காடு, வாலாஜா, திமிரி என்று ஆட்கள் தேடி வந்தார்கள். பம்பைக் கழற்றி, துரு சுரண்டி, வாஷர் மாற்றி, கைப்பிடியை நாலு அடி அடித்ததும் தண்ணீர் வாயைத் திறக்கும் பாருங்கள், அந்தச் சுகத்தைத் தோல் ஷாப்பில் ஒரு நாள்கூட நான் அனுபவித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். என் மனைவி மீன் குழம்பு வைப்பாள். ஒரு நாள் அவனிடம், "அண்ணே, இப்பல்லாம் இவரு இட்லியப் புரட்டறதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். எனக்கே அப்போதுதான் உறைத்தது, எதையும் புரட்டிப் பார்க்காமல் மாதக்கணக்கில் இருந்திருக்கிறேன் என்று.

சித்திரை வெயில் ஏறியபோது ஆரம்பித்தது. வருஷம் உழைக்க வேண்டிய வாஷர் பத்து நாளில் தொளதொளத்து வந்தது. முதலில் குழாயைக் குறை சொன்னேன், பிறகு மணலை, பிறகு அடிக்கிற ஆளின் கையை. மாற்றிப் போட்டேன். மறுபடியும் போனது. அச்சு தேய்ந்துவிட்டதோ என்று தச்சரிடம் ஓடினேன், கொழுப்பில் கலப்படமோ என்று விற்றவனிடம் சண்டைக்கு நின்றேன். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டியவனிடம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசனை கேட்டேன். "சூடு ஜாஸ்தி தோஸ்த், அதான்" என்றான். குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னான்.

திமிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் மூன்று முறை வாஷர் மாற்றியிருந்தார். பெரிய பம்பு, இரண்டு ஆள் நின்று அடிப்பது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் மிளகாய் நாற்று விட்டிருந்தார். ஒரு சந்தை நாளில், தெரு கொள்ளாத கூட்டத்தில், மாட்டு வண்டியை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"ரிப்பேர்காரரே, நாத்து மொத்தமும் கருகிப் போச்சு" என்றார். "தோல் ஊர்ல இருந்துகினு உனக்குத் தோல் தெரியாதா?" மூன்று கிழிந்த வாஷரையும் என் பலகை மேல் வைத்தார். "இப்ப உங்க பழைய ஷாப்பு வாஷர்தான் போட்டிருக்கேன். ஜம்முனு இழுக்குது."

"எந்த ஷாப்பு வாஷர்?" என்றேன்.

"இன்னா தெரியாத மாதிரி கேக்கற? மூணு மாசமா உங்க முதலாளி வாஷர் போட்டு விக்கிறாரே. உன்கூட இருந்த மேஸ்திரிதான் பிரிச்சுத் தர்றாராம்."

தெருவே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. மூன்று மாதம், அதாவது பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

மனது அப்போதும் அவனுக்காக வக்காலத்து வாங்கியது. முதலாளி சொல்ல வேண்டாம் என்றிருப்பார், இவன் சங்கடப்பட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கெட்டுப்போய்த் திரும்பி வந்த வாஷர்களைத் தேடி எடுத்தேன். மொத்தம் ஏழு. கொழுப்பு இறங்க வெந்நீரில் அலசி, கூரைத் தகரத்தில் காயப் போட்டேன். ஊறிய தோலில் நகத்தடம் மூடிக்கொள்ளும், நன்றாகக் காய்ந்தால் திறந்துகொள்ளும். மறுநாள் மத்தியானம் தகரத்திலிருந்து எடுத்துத் திருப்பினேன். வாஷரின் நடுவில், இரும்புத் தட்டு மூடி மறைக்கிற இடத்தில், சதைப்பக்கத்தில், இரண்டு பிறை. அடுத்ததைத் திருப்பினேன், இரண்டு பிறை. ஏழிலும் இருந்தது.

அடிமடியிலேயே கை வைத்துவிட்டான். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியே இல்லை. ஒவ்வொரு வட்டத்தையும் எடுத்து, தடவி, இது தள்ளு என்று தெரிந்து, குறி போட்டு, அதை எனக்கென்று ஒதுக்கியிருக்கிறான். நல்லது முதலாளிக்குப் போயிருக்கிறது. என் மனைவி தகரத்தின் பக்கத்தில் வந்து நின்று, "இன்னாங்க அது?" என்று கேட்டாள். ஒரு வாஷரைத் திருப்பிக் காட்டினேன். பிறகு சொன்னேன். அவள் அவனைத் திட்டவில்லை. "அண்ணேன்னு கூப்ட்டேனே" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் ஷாப்புக்குப் போனேன். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் அவன் நின்றிருந்தான். பலகையின் இரண்டு பக்கத்துத் தோலும் இப்போது அவன் தலையில்தான். நான் ஒரு வாஷரை அவன் முன்னால் போட்டு, "தரம் சொல்லு" என்றேன்.

பழக்கம் பாருங்கள், கை தானாக எடுத்தது. தடவினான், புரட்டினான். கட்டைவிரல் நடுவில் போய் நின்றது. அவன் முகம் செத்துப்போனது.

"முதலாளி சொன்னாரு" என்றான், மெல்ல. "நல்லது வெளிய போவக் கூடாதுன்னாரு. மாட்டேன்னா என்னையும் போன்னுடுவாரு. உனக்கு ஒரு தெகிரியம் இருந்துச்சு, நீ போய்ட்ட. எனக்கு எங்க இருக்குது?"

"அதுக்கு?"

"அதான் பிற போட்டேன். உனக்குத் தெரியட்டும்னுதான் போட்டேன். நீ பாப்ப, தூக்கிப் போட்டுடுவன்னு நெனச்சேன்." அப்புறம் என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி, "நீ ஏன் புரட்டிப் பாக்கல?" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "உன் கட்டு மேல நான் கை வெப்பனாடா?" என்றேன். "குறி போட்டுக் காட்டினியா? ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை என் வூட்ல உக்காந்து மீன் கொழம்பு துன்னியே, அப்ப வாய் இன்னா பண்ணிச்சு?"

அவன் வாஷரைக் குறி தெரியாதபடி பலகையில் கவிழ்த்து வைத்தான். எச்சரிக்கத்தான் பிறை போட்டானா, இல்லை கை பழக்கத்தில் போட்டுவிட்டு அந்த நிமிஷத்தில் கதை கட்டினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பவும் முடியவில்லை. நம்பாமல் விடவும் முடியாதபடி செய்துவிட்டான் பாவி.

முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வா மேஸ்திரி. உன் எடம் காலியாத்தான் இருக்குது. நாளைக்கே வந்துடு" என்றார். முற்றத்தில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். எந்த வாசலில் மறுபடி வந்து நிற்கப் பயந்தேனோ அதே வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வாஷரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

கடையை மூடவில்லை, வீம்புதான் காரணம். ரயிலேறி ஆம்பூருக்குப் போய், காய்ந்த தோலாக, நானே தடவித் தடவி வாங்கினேன். திமிரிக்காரர் வீட்டுக்கு நடந்தே போய், அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் கிணற்றடியில் உட்கார்ந்து பம்பைப் பிரித்து, என் வாஷரைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்து அதே வாஷரோடு இன்னும் இழுக்கிறது என்று சந்தைக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். கெட்ட பெயர் ஒரு சந்தை நாளில் வந்தது. போவதற்கு மூன்று வருஷம் ஆயிற்று.

ஆனால் நகம் மறுபடி வளர்ந்துவிட்டது. நானாக வளர்க்கவில்லை, வெட்டத் தோன்றவில்லை. ஆம்பூர்த் தோலைத் தடவுகிறேன், நானே அச்சில் போட்ட வாஷரை விற்பதற்கு முன்னால் மூன்று தடவை புரட்டுகிறேன். புரட்டிப் புரட்டிச் சலித்துப்போய்த்தானே அந்த வேலையை விட்டேன்? அதை அவன் ஈரச் சாக்கில் சுற்றி என் வீட்டுக்கே அனுப்பிவைத்துவிட்டான். ஒரு நாள் தட்டில் இட்லியைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் கிண்டல் செய்யவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அவன் என் கடைக்கு வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. வாசலிலேயே நின்று, கிழிந்த வாஷர் ஒன்றை நீட்டினான். "வூட்டு பம்பு இழுக்கல" என்றான். பார்த்தேன், ஷாப்பு வாஷர். முதலாளி எப்போதோ அந்த வியாபாரத்தைக் கைவிட்டிருந்தார்.

நான் உட்காரச் சொல்லவில்லை. தகர டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். தடவினேன், புரட்டினேன், மறுபடியும் தடவினேன். அவனிடம் கொடுத்தேன். அவன் அதை அப்படியே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"புரட்டிப் பாக்கலையா?" என்றேன். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நீ குடுத்ததுதானே" என்றான்.

நல்லதைத்தான் கொடுத்திருந்தேன். அவன் தெரு முனை திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு தடவைகூட இடுப்பில் கை வைத்து அதை எடுத்துப் பார்க்கவில்லை. இட்லியைப் புரட்டுகிறவன் நான்தான். எனக்கு அன்றைக்கு அவன் மேல் வந்த ஆத்திரம், அந்த ஏழு வாஷரைத் தகரத்தில் திருப்பிய நாளில்கூட வரவில்லை.